போக்காடு: ஒரு சொல்லின் வம்சவரலாறு



சென்ற மாதம் திடப்படுத்தல் வகுப்பில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகள் மாறிமாறி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் கையை உயர்த்தி, "ஐயா, இந்தப் போக்காடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். ஆற்காடு, திருவேற்காடு, பழவேற்காடு என்பவற்றைப் போல அதுவும் ஓர் ஊர் என்று அவன் எண்ணிவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "அது ஊர் அல்ல தம்பி, ஆடு. போக்கு, ஆடு என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்றிரவு வேதாகம அகராதிகளை எடுத்துப் பார்த்தபோது என் சிரிப்பு அடங்கிற்று. அந்தப் பையன் கேட்டது நகைக்கத்தக்க கேள்வியே அல்ல. பழங்கால யூதப் போதகர்களில் சிலரும் அந்த இடத்திலுள்ள எபிரெயச் சொல்லை ஓர் இடத்தின் பெயராகவே கொண்டிருந்தார்கள். ஆகவே இவ்வாரம் அந்தச் சொல்லின் வம்சவரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மத்தேயு தம் சுவிசேஷத்தை வம்சவரலாற்றோடு தொடங்குகிறார் அல்லவா? சொற்களுக்கும் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் உண்டு. அவர்களை அறிந்தால், அச்சொல்லை நாம் இன்று சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பது விளங்கும்.

முதலில் அதிகாரத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். ஏழாம் மாதம் பத்தாம் தேதி இஸ்ரவேலருக்குப் பாவநிவிர்த்தி நாள். பிரதான ஆசாரியன் சபையாரிடத்தில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை வாங்கி அவற்றின்மேல் சீட்டுப் போடுவான். ஒரு சீட்டு கர்த்தருக்கு. அந்தக் கடா பலியிடப்படும். அதன் இரத்தம் திரைக்கு உள்ளே கொண்டுபோகப்படும். மற்றக் கடா உயிரோடு நிறுத்தப்படும். ஆரோன் தன் இரண்டு கைகளையும் அதன் தலையின்மேல் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுவான். பின்பு அதற்கென்று நியமிக்கப்பட்ட ஓர் ஆள் அதைக் குடியில்லாத வனாந்தரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். திரும்பி வரும் அந்த ஆள் தன் வஸ்திரங்களைத் தோய்த்து, ஸ்நானம்பண்ணி, அதன் பின்னரே பாளயத்துக்குள் வரவேண்டும்.

உயிரோடு விடப்படும் இந்த இரண்டாம் கடாவைக் குறித்து எபிரெய மூலத்தில் வரும் சொல் 'அசாசேல்'. வேதாகமம் முழுவதிலும் இந்த ஓர் அதிகாரத்தில் மட்டும், நான்கு முறை, இச்சொல் வருகிறது. வேறெங்கும் இல்லாத சொல்லுக்குப் பொருள் காண்பது எளிதன்று. செங்குத்தான கரடுமுரடான மலையிடம் என்றார்கள் ரபீமார் சிலர். விழுந்துபோன தூதர்களின் தலைவன் ஒருவனுடைய பெயர் என்று ஏனோக்கின் பெயரால் வழங்கும் பழைய நூல் காட்டுகிறது. வனாந்தரத்தின் ஆவி ஒன்றைக் குறிக்கும் பெயர் என்று இன்றைய ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள். மூன்றாவது ஒரு வழியும் இருந்தது. அச்சொல்லை இரண்டாகப் பிரிப்பது. எபிரெயத்தில் 'ஏஸ்' என்றால் வெள்ளாடு. 'ஆசால்' என்றால் போய்விடுதல். சேர்த்துப் படித்தால் 'போய்விடும் ஆடு'. வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய அறிஞர்கள் 'அனுப்பிவிடப்படுவது' என்ற பொருளில் ஒரு சொல்லை இட்டார்கள். கி.பி. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் லத்தீனில் பெயர்த்த எரோனிமுஸ் 'அனுப்பப்படும் கடா' என்று எழுதினார். மேற்குத் திருச்சபை ஓராயிரம் ஆண்டு அப்படியே வாசித்தது.

இப்போது நாம் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். வில்லியம் டிண்டேல் என்னும் பெயரை நான் பிரசங்கங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கலப்பையைப் பிடிக்கும் சிறுவனும் வேதத்தைத் தன் மொழியில் வாசிக்கவேண்டும் என்று வாஞ்சித்தவர். தம் தேசத்தில் அதற்கு அனுமதி கிடைக்காமல் 1524இல் ஜெர்மனிக்குப் போனார். 1526இல் அவருடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. பின்பு எபிரெயத்திலிருந்து மோசேயின் ஐந்து ஆகமங்களையும் பெயர்த்தார். அது 1530இல் ஆண்ட்வெர்ப் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்கு மறைவாகக் கொண்டுபோகப்பட்டது. அந்தப் புத்தகத்தில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் அதுவரை எவரும் எழுதியிராத கூட்டுச்சொல் ஒன்றை அவர் எழுதினார். அதுதான் 'ஸ்கேப்கோட்'.

இக்கூட்டுச்சொல்லின் இரு பாதிகளையும் தனித்தனியே பாருங்கள். 'கோட்' ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல். ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது பெண்ணாட்டை மட்டுமே குறித்தது. கடாவுக்கு வேறு சொல் இருந்தது. டிண்டேலின் காலத்துக்குள் இரண்டுக்கும் பொதுவாயிற்று. நம் பர்வதமலை அடிவாரத்தில் மேயும் வெள்ளாட்டைப் போல, எளிய குடியானவன் வீட்டுச் சொல் அது.

'ஸ்கேப்' அந்நிய தேசத்து விருந்தாளி. "ஆள் எஸ்கேப்" என்று நம் வாலிபர் பேசுகிறார்களே, அதே சொல்தான். முதலெழுத்து மட்டும் உதிர்ந்திருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல்லின் வேர், 'வெளியே' என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டும் 'காப்பா' என்னும் சொல்லும் சேர்ந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் விளக்குகிறார்கள். 'காப்பா' என்றால் போர்வை, மேலங்கி. துரத்துகிறவன் அங்கியைப் பற்றிக்கொள்ள, அதை அவன் கையிலே விட்டுவிட்டு ஓடிப்போவதே 'எஸ்கேப்'. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு செய்தது நினைவுக்கு வருகிறதா? கெத்செமனேயில் தன் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போன வாலிபனை மாற்கு காட்டுகிறாரே, அதுவும் நினைவுக்கு வருகிறதா? ஆரணியின் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு துணிக்குள்ளிருந்து இப்படி ஒரு சொல் பிறந்தது என்பது தனியாக இனிக்கத்தான் செய்யும்.

அதே 'காப்பா'வுக்கு மற்றொரு வழித்தோன்றலும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்னும் போர்ச்சேவகர் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை இரண்டாகக் கிழித்துப் பாதியைப் போர்த்தினார் என்பது திருச்சபையின் பழைய வரலாறு. அந்த மேலங்கி போற்றி வைக்கப்பட்ட இடத்துக்கு, அங்கியின் பெயரே பெயராயிற்று. அதிலிருந்து வந்ததே சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சேப்பல்' என்னும் ஆங்கிலச் சொல். அங்கியைப் போட்டுவிட்டு ஓடியதும் அங்கியைப் பகிர்ந்துகொண்டதும் ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்களாகக் கிளைத்திருக்கின்றன. இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள். திரும்ப இதனிடத்துக்கு வருவேன்.

டிண்டேலின் சொல் உடனே எல்லாருடைய சொல்லும் ஆகிவிடவில்லை. 1535இல் கவர்டேல் வெளியிட்ட ஆங்கில வேதாகமம், லூத்தரின் ஜெர்மன் திருப்புதலைப் பின்பற்றி 'விடுதலையான ஆடு' என்ற பொருளில் எழுதிற்று. அதே 1535இல் டிண்டேல் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். 1536 அக்டோபரில் வில்வோர்ட் என்னும் ஊரில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். சொல்லை உண்டாக்கியவர் இல்லை; சொல் நின்றது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் திருப்புதல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்பின் அது உலகெங்கும் பரவிற்று. பாவநிவிர்த்தியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'அட்டோன்மென்ட்' என்னும் சொல்லை வேதாகமத்தில் நிலைபெறச் செய்தவரும் டிண்டேலே. பிரிந்திருந்தவர்கள் ஒன்றாயிருக்கும் நிலை என்பதே அதன் நேர்ப்பொருள். 'ஒன்று' என்ற சொல்லே அதன் நடுவில் இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, ரூத்தின் புத்தகம் வரை வந்து, 1719இல் மரித்தார். அவருக்குப் பின் சூல்ச் ஐயர், பப்ரிசியுஸ் ஐயர் என்று அந்தப் பணி கைமாறிக்கொண்டே வந்தது. பவர் ஐயரின் தலைமையில் ஒரு குழு 1871இல் முடித்த திருப்புதலின் வழிவந்ததே நாம் இன்று ஆலயத்தில் வாசிக்கும் பழைய திருப்புதல். அதில் 'போக்காடு' என்று வாசிக்கிறோம்.

இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக. ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 'போக்கு' என்பதைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டால், போகும்படி விடப்பட்ட ஆடு என்று பொருள்படும். 'போக்கு' என்பதை வினையாகவும் கொள்ளலாம். தாகத்தைப் போக்கு, கறையைப் போக்கு என்கிறோம் அல்லவா? அப்படியானால் இது வினைத்தொகை. போக்கிய ஆடு, போக்குகின்ற ஆடு, போக்கும் ஆடு என்று முக்காலமும் உள்ளடங்கி நிற்கும். ஆங்கிலச் சொல் ஆடு தப்பிப்போவதைக் காட்டுகிறது. நம் தமிழ்ச் சொல்லோ, ஆடு போவதையும் அதனோடு பாவம் போக்கப்படுவதையும் சேர்த்தே காட்டவல்லது. யோர்தான் கரையில் யோவான்ஸ்நானன் நம் ஆண்டவரைச் சுட்டிக்காட்டி எதைச் சொன்னாரோ, அதற்கு இது எத்தனை நெருக்கமான சொல்!

பிரியமானவர்களே, இனித்தான் இந்த வரலாற்றின் வருத்தமான பகுதி. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேதாகமத்துக்குள்ளேயே இருந்த 'ஸ்கேப்கோட்' என்னும் சொல், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேச்சுவழக்கில் வேறொரு பொருளை ஏற்றது. பிறர் செய்த குற்றத்துக்காகப் பழிசுமத்தப்படுகிற மனிதன் என்ற பொருள். இன்று ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோர்க்கு இதுவே தெரியும். நம் செய்தித்தாள்கள் இதைத் தமிழாக்கும்போது 'பலிகடா' என்று எழுதுகின்றன. மேலதிகாரிகள் தப்பினார்கள், கீழ்நிலை ஊழியர் பலிகடா ஆக்கப்பட்டார் என்று வாசிக்கிறோம். லேவியராகமத்தை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு பிழை தெரியும். பலியிடப்பட்ட கடா வேறு, போக்காடு வேறு. போக்காடு உயிரோடு அனுப்பப்பட்டது. இரண்டு கடாக்களையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம்.

அந்தக் குழப்பம் சிறியது. அதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் ஒன்று உண்டு. ஆரோன் அந்த ஆட்டின் தலைமேல் கைகளை வைத்தபோது என்ன செய்தான்? அறிக்கையிட்டான். இவை எங்கள் அக்கிரமங்கள், எங்கள் மீறுதல்கள் என்று வாய்திறந்து சொன்னான். ஆடு குற்றம் செய்தது என்று இஸ்ரவேலில் ஒருவரும் எண்ணவில்லை. குற்றம் யாருடையது என்பது பாளயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. நாமோ பிறன் தலையின்மேல் கைகளை வைக்கிறோம். அறிக்கையை மட்டும் விட்டுவிடுகிறோம். "எங்கள் பாவம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "இவனுடைய பாவம்" என்கிறோம். தப்பிப்போகிறது ஆடு அல்ல, நாம். அங்கியை அவன் கையிலே விட்டுவிட்டு நாம் ஓடிப்போகிறோம். பிறகு அந்த அங்கியையே அவனுக்கு விரோதமான சாட்சியாகக் காட்டுகிறோம்.

இதைப் பிறரைக் குறித்து எழுதுவது எளிது. என்னைக் குறித்து எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, அறுப்பின் பண்டிகைக் கணக்கில் சில ஆயிரம் ரூபாய் குறைந்தது. ஏலப் பணத்தை எண்ணி வைத்தவர் ஒரு நெசவாளர், ஏழை. கடன்பட்டவர் என்பது ஊருக்கே தெரியும். எவரும் அவரைத் திருடர் என்று நேராகச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பணம் யார் கையில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவ்வளவு போதுமானதாயிருந்தது. தலைமை வகித்த நான் மௌனமாயிருந்தேன். சமாதானம் காக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின், ஒரு பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது, என் கையெழுத்திலேயே ஒரு துண்டுச் சீட்டு அகப்பட்டது. பண்டிகைக்கு மறுநாள் இரவு, நோயாளி ஒருவரை வேலூருக்குக் கொண்டுபோக அந்தப் பணத்திலிருந்து நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். கணக்கில் எழுத மறந்துபோனேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். தறியில் அமர்ந்திருந்தார். சீட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சபையிலே சொல்லுங்கள் ஐயா. என்னிடத்தில் மட்டும் சொன்னால் என் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்த ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன், நடந்ததைச் சொன்னேன். அவர் தம் மனைவி பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதன்பின் அவர் அந்த ஆலயத்துக்கு ஒழுங்காக வந்தார் என்று என்னால் எழுத முடியாது. மன்னிப்பு கிடைத்தது. அந்த ஐந்து மாதங்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சேயாற்றங்கரையில் வாழும் நமக்கு இது அந்நியமான கதை அல்ல. பட்டுச்சேலை ஒன்றில் குறை காணப்பட்டால், நூல் பழுதா, சாயம் பழுதா என்று ஆராய்வதற்கு முன்னரே தறியில் உட்கார்ந்தவனை நோக்கி விரல் நீளுகிறது. குடும்பத்தில் ஒரு துக்கம் நேர்ந்தால், புதிதாக வந்த மருமகளின் வருகையோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சபையில் எழுப்புதல் குறைந்தால் வாலிபர்மேல் பழி. தனியாயிருக்கிறவர், ஏழை, பதில் பேசத் தெரியாதவர் ஆகியோர்மேலேயே சீட்டு விழுகிறது. லேவியராகமத்திலோ சீட்டு போட்டவர் கர்த்தருடைய சந்நிதியிலே போட்டார். நாம் போடும் சீட்டு எப்போதும் எளியவன்மேலேயே விழுமானால், அதைப் போட்டது யார் என்று சிந்திக்கவேண்டாமா?

இரண்டாம் தேவாலயக் காலத்தில் இந்நாள் எவ்வாறு ஆசரிக்கப்பட்டது என்பதை யூதரின் மிஷ்னா விவரிக்கிறது. இரு கடாக்களும் தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்திருக்கவேண்டும். போக்காட்டின் தலையில் சிவப்பு நூல் ஒன்று கட்டப்படும். ஆட்டை நடத்திச் செல்பவருக்காக வழிநெடுகப் பத்துக் குடில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆகாரமும் தண்ணீரும் இருப்பதாக அவருக்குச் சொல்வார்கள். எருசலேமின் பெரியோர்கள் முதற்குடில் வரை அவரோடு நடந்து வருவார்கள். வனாந்தரத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பு நூலை இரண்டாக்கி, ஒரு பாதியைப் பாறையிலும் மறுபாதியைக் கொம்புகளுக்கு நடுவிலும் கட்டி, ஆட்டைப் பாறையிலிருந்து தள்ளிவிடுவார். அந்த நூல் வெண்மையாக மாறினால் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று ஜனங்கள் நம்பினார்கள். ஏற்றின சாயம் இலேசில் போகாது என்பதைச் சாயமிடுகிறவர்கள் நீங்கள் அறிவீர்கள். சிவப்பு வெண்மையாவது மனிதன் கைவேலை அல்ல.

நம் ஆண்டவர் அந்த இரண்டு கடாக்களின் வேலையையும் தாமே செய்து முடித்தார் என்று திருச்சபை விசுவாசிக்கிறது. அவர் பலியானார், நம் பாவங்களைச் சுமந்து நகர வாசலுக்குப் புறம்பேயும் போனார். ஜனம் முழுவதும் கெட்டுப்போவதைவிட ஒரு மனுஷன் சாவது நலம் என்று கணக்கிட்ட காய்பா, இன்று நாம் அறிந்த அர்த்தத்தில் அவரைப் 'பலிகடா' ஆக்கினான். தேவனோ அதே சிலுவையை உண்மையான போக்காடாக்கினார். இனி வேறொருவர் தலையில் பழியைச் சுமத்த நமக்கு அவசியம் இல்லை, அனுமதியும் இல்லை. நம் கைகளை வைக்கவேண்டிய இடம் ஒன்றே. அங்கே வைக்கும்போது வாயையும் திறக்கவேண்டும்.

முன்பு சொன்ன மேலங்கிக்குத் திரும்புகிறேன். பழி வரும்போது அங்கியைப் போட்டுவிட்டு ஓடலாம். அல்லது மார்ட்டினைப் போல, பழியின் குளிரில் நடுங்கி நிற்பவனுக்குப் பாதியைப் போர்த்தலாம். ஆலயம் என்ற பெயருக்குப் பொருத்தமானது எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி நிறுத்தி, அவன் கேள்வி நல்ல கேள்வி என்றும், சென்ற வாரம் நான் சிரித்தது தவறு என்றும் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னேன். அவனை நோக்கிச் சிரித்தவர்கள் அத்தனைபேரும் அதைக் கேட்கவேண்டும் அல்லவா? தறியில் அமர்ந்திருந்த ஒரு மனிதர் எனக்குக் கற்பித்த பாடம் அது.

இவ்வாரம் சிந்திக்க: என்னுடைய தவற்றை இன்று யார் சுமந்துகொண்டிருக்கிறார்கள்? அதை நான் யார் யார் கேட்கச் சொல்லவேண்டும்? அடுத்த திருவிருந்துக்கு முன் அதைச் செய்வோமாக.

ஜெபம்: பாவத்தைப் போக்குகிற ஆண்டவரே, எங்கள் குற்றத்தை எங்களுடையது என்று சொல்லும் தைரியத்தைத் தாரும். நாங்கள் பழிசுமத்தித் துரத்தினவர்களைத் தேடிச் செல்லும் கால்களைத் தாரும். எங்கள் நூலின் சிவப்பை நீரே வெண்மையாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.